மணப்பெண்ணைப் பிடித்த ஆவி

மணப்பந்தலில் எல்லாம் தயார். மேளதாளத்துடன் மாப்பிள்ளை வந்துவிட்டான். பெண்ணின் முகத்தில் திரை போட நெருங்குகிறான். பெண் திரையைக் கிழித்து, அவனைப் பிடித்துத் தள்ளுகிறாள்! "நீ என் மாப்பிள்ளை அல்ல!" என்று அலறுகிறாள். அடுத்த நிமிஷம் அவள் வாயிலிருந்து வருவது அவள் குரலே அல்ல. செத்துப்போன ஓர் இளைஞனின் குரல்!

"டிபுக்" என்ற நாடகத்தில் வரும் காட்சி இது. "டிபுக்" என்றால் உயிரோடு இருப்பவரை வந்து ஒட்டிக்கொள்ளும் ஆவி. எழுதியவர் அன்ஸ்கி என்ற யூதர்.

வாக்குத் தவறிய தகப்பன்

செந்தர், நிசன் என்று இரண்டு நண்பர்கள். ஒருவருக்கு ஆணும் மற்றவருக்குப் பெண்ணும் பிறந்தால் சம்பந்தம் செய்துகொள்வதாகக் கைகொடுத்து வாக்களிக்கிறார்கள். நிசன் இறந்துபோகிறான். செந்தர் பணக்காரனாகிறான், வாக்கு மறந்துபோகிறது.

நிசனின் மகன் ஹோனன், செந்தரின் மகள் லேயாவை விரும்புகிறான். கையில் காசு இல்லை. யூதர்களின் ரகசிய மறைநூல்களைப் படித்து, மந்திர சக்தியால் அவளை அடையப் பார்க்கிறான். வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று கேட்டதும் விழுந்து சாகிறான். அவன் ஆவிதான் அவளைப் பிடித்தது.

பெண்ணை ஒரு ஞானியிடம் கொண்டுபோகிறார்கள். அங்கே ஒரு வழக்கு நடக்கிறது. வாதி யார் தெரியுமா? செத்துப்போன நிசன்! திரைக்கு அப்பால் நின்று அவன் முறையிடுகிறான். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடு என்று செந்தருக்குத் தீர்ப்பாகிறது.

பேய்க் கதைதானே என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. பேயைவிட அந்தத் தகப்பனைப் பார்த்துத்தான் நமக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் ஆவி விரட்டப்படுகிறது. லேயாவைச் சுற்றி வட்டம் கீறி, வெளியே வராதே என்கிறார்கள். ஹோனன் குரல் கூப்பிடுகிறது. வட்டத்தைத் தாண்டி அவனிடம் போய்விடுகிறாள்.

எழுபது ஊர்கள்

இந்தக் கதைக்கு உயிர் கொடுத்தவை கிராமத்துக் கிழவர்களும் கிழவிகளும் சொன்ன கதைகள்.

அன்ஸ்கி 1863-ம் ஆண்டு, இன்றைய பெலாரஸ் நாட்டில் பிறந்தவர். சொந்தப் பெயர் ரப்போபோர்ட். வாலிபத்தில் மதப் பழக்கங்களை உதறிவிட்டு, ருஷ்யச் சுரங்கத் தொழிலாளரோடு போய் வாழ்ந்தார். பல ஆண்டுகள் ருஷ்ய மொழியிலேயே எழுதினார். நாற்பது வயதை நெருங்கும்போதுதான் தாய்மொழியான யித்திஷ் மீது மறுபடி பற்று வந்தது.

1912-ம் ஆண்டு ஒரு குழுவுடன் புறப்பட்டார். இன்று உக்ரேனில் இருக்கும் வொலினியா, பொடோலியா பகுதிகளில் சுமார் 70 ஊர்கள் சுற்றினார். பாட்டு, கதை, மந்திரம், தாயத்து எதையும் விடவில்லை. பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். பிறப்பு முதல் இறப்பு வரை, அதற்கு அப்பாலும், 2,087 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலே தயாரித்தார்! பெரியவர்கள் கண்ணை மூடினால் எல்லாம் போய்விடும் என்ற கவலை அவருக்கு.

1914-ல் உலக யுத்தம் வந்தது, பயணம் நின்றது. போர்முனையில் வீடிழந்த யூதர்களுக்கு உதவி கொண்டுபோனார்.

முப்பதாம் நாள்

நாடகத்துக்கு மேடை கிடைக்கவில்லை. புரட்சிக்குப் பின் ருஷ்யாவை விட்டு ஓடியபோது யித்திஷ் கைப்பிரதி தொலைந்தது. நல்ல வேளையாக, கவிஞர் பியாலிக் அதை ஹீப்ரு மொழியில் பெயர்த்திருந்தார். அதைப் பார்த்து, தம் நாடகத்தைத் தாமே திரும்ப யித்திஷில் எழுதினார் அன்ஸ்கி!

1920 நவம்பர் 8-ந் தேதி, வார்ஸா அருகே அவர் இறந்தார். யூதர்களுக்குத் துக்கம் முப்பது நாள். அது முடிந்ததும், டிசம்பர் 9-ந் தேதி, வில்னா நாடகக் குழு வார்ஸாவில் "டிபுக்" நாடகத்தை அரங்கேற்றியது. நகரமே திரண்டு வந்தது. 1922-ல் மாஸ்கோவில் ஹீப்ருவில் நடந்தது. 1937-ல் போலந்தில் சினிமாவாகவும் வந்தது.

இரண்டே ஆண்டில் ஹிட்லரின் படை போலந்தில் புகுந்தது. 1941-ல் உக்ரேனிலும் புகுந்தது. அன்ஸ்கி கதை கேட்ட ஊர்களின் யூதர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பாடிய பாட்டுகள் பதிந்த மெழுகு உருளைகள் மட்டும் கீவ் நகர நூலகத்தில் தப்பிக் கிடந்தன. 2005-ல் யுனெஸ்கோ அந்தத் தொகுப்பை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.