ஈயம் ஏன் ஒட்டவில்லை?

குழந்தைகளே! மாதிரி ரயில் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலானவற்றில் தண்டவாளமே மின்கம்பி. அதன் வழியாகத்தான் என்ஜினுக்கு மின்சாரம் போகிறது. அதற்காகத் தண்டவாளத்தோடு ஒயரை ஈயத்தால் பற்ற வைப்பார்கள். இதுதான் 'சால்டரிங்'.

நான் ஆசிரியராக இருந்தபோது, பள்ளிக் கண்காட்சிக்காக மாணவர்கள் ஒரு ரயில் பாதை செய்தார்கள். உருகிய ஈயமோ தண்டவாளத்தில் ஒட்டவே இல்லை. தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு ஓடியது.

"சார், சூடு போதலை" என்றான் ஒருவன். இன்னும் சூடாக்கினோம். தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டைதான் உருகியது!

காரணம் என்ன? காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு, உலோகத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. அதன்மேல் ஈயம் ஒட்டாது. சூடாக்கினால் படலம் இன்னும் வேகமாக வளரும்.

வீட்டில் பித்தளைக் குடத்தைப் புளியால் தேய்த்தால் பளபளக்கிறதல்லவா? புளியிலுள்ள அமிலம் படலத்தைக் கரைத்துவிடுகிறது. சால்டரிங்கில் இந்த வேலையைச் செய்வது 'ஃபிளக்ஸ்'. பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் ரோசின் ஒரு நல்ல ஃபிளக்ஸ். அது சூட்டில் உருகிப் படலத்தை நீக்கும். மறுபடி காற்று படாமல் போர்வைபோல மூடிக்கொள்ளும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் தூவுவதும் இதற்காகத்தான்.

அன்று அவசரத்தில், தகரம் பற்ற வைக்கும் அமிலப் பசையைத் தடவினோம். உடனே ஒட்டியது, ரயிலும் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் அடுத்த மழைக்காலத்தில் ஒயர் பச்சை பூத்து அறுந்துபோனது. மிச்சமிருந்த அமிலம் அதை அரித்துவிட்டது! மின்சார வேலைக்கு ரோசினே ஏற்றது என்பதை நானும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

செய்முறை இதுதான்: தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரோசினைக் கொஞ்சமாகத் தடவுங்கள். ஒயரை அதில் வைத்து, இரண்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள். பிறகு ஈயக் கம்பியைச் சூடான உலோகத்தில் தொடுங்கள். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த கம்பி, சுமார் 190 டிகிரி செல்சியஸில் உருகிப் பரவும். உடனே சூட்டை எடுத்துவிடுங்கள். ஆறும்வரை ஒயரை அசைக்கக் கூடாது.

பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகையை முகராதீர்கள். காரீயம் நஞ்சு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஈயம் ஒட்டவில்லையா? சூட்டைக் கூட்டாதீர்கள். முதலில் அழுக்கைப் பாருங்கள்!