விமான ஜன்னலில் இருந்து போட்டோ எடுக்கலாமா? கேமராவோடு பறப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

விமானம் ஓடுபாதையை நோக்கித் திரும்பும்போதே ஜன்னலோர சீட்களில் செல்போன்கள் உயர ஆரம்பித்துவிடும். கேமரா கொண்டு வந்தவர் மட்டும் கொஞ்சம் தயங்குவார். ‘பெரிய கேமராவை எடுத்தா ஏதாவது சொல்வாங்களோ?’

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் விமானத்துக்குள் இருந்து படம் எடுப்பது, நிபந்தனைகளோடு பயணிக்குக் கொடுக்கப்பட்ட ஓர் அனுமதி. நிபந்தனை தெரியாமல் தவறான இடத்தில் எடுத்த ஒரு படம், விசாரணை வரை கொண்டுபோய் விடலாம். அந்த நிபந்தனைகள் என்ன? பேட்டரியை எந்தப் பையில் வைப்பது? எந்தப் பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குவது? பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1937-ம் ஆண்டின் விமான விதிகளில் 13-வது விதி இதைப் பற்றியது. அரசு விமான நிலையத்திலோ, பறக்கும் விமானத்தில் இருந்தோ எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. அப்படியென்றால் தினமும் இத்தனை பேர் எடுக்கிறார்களே?

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2004-ல் வெளியிட்ட சுற்றறிக்கைதான் அதற்கு வழிவிட்டது. பயணிகள் விமானத்துக்குள் இருந்து, பறக்கும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் போட்டோவும் வீடியோவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால், விமானத்தின் பாதுகாப்புக்குப் பாதகமாகவோ, குழப்பம் ஏற்படுத்தும் விதமாகவோ, விமான ஊழியர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகோ எடுக்கக் கூடாது.

2020 செப்டம்பரில் இந்த விஷயம் மீண்டும் பேசப்பட்டது. சண்டிகரில் இருந்து மும்பை சென்ற விமானத்தில், பிரபல நடிகை ஒருவரைப் படம்பிடிக்கச் செய்தியாளர்கள் முண்டியடித்தது சர்ச்சையானது. விதியை மீறிப் படம் எடுக்க அனுமதித்தால், அந்தத் தடத்தில் விமான சேவை இரண்டு வாரம் நிறுத்தப்படும் என்று டிஜிசிஏ எச்சரித்தது. ‘அப்போ இனிமே யாருமே எடுக்கக் கூடாதா?’ என்ற கேள்வி எழவே, 2004 அனுமதி தொடர்கிறது என்று உடனடியாக விளக்கமும் கொடுத்தது.

ஆக, விமானத்துக்குள் கடைசி வார்த்தை ஊழியர்களுடையது. “கேமராவை உள்ள வைங்க சார்” என்று சொன்னால் வைத்துவிட வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கனமான கேமராவும் நீளமான லென்ஸும் கையில் இருந்தால் அப்படிச் சொல்ல வாய்ப்பு அதிகம். திடீர் பிரேக்கில் அது பறந்துபோய் யார் தலையையும் பதம் பார்க்கும்.

எங்கே எடுக்கவே கூடாது?

நாம் சாதாரணமாகப் போய்வரும் சில விமான நிலையங்கள் உண்மையில் ராணுவத்துக்குச் சொந்தமானவை. கோவாவின் டபோலிம், விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் ஆகியவை கடற்படைத் தளங்கள். புனே, ஸ்ரீநகர், லே, சண்டிகர், ஜோத்பூர், பாக்டோக்ரா ஆகியவை விமானப்படைத் தளங்கள். இங்கெல்லாம் பயணிகள் விமானமும் போர் விமானமும் ஒரே ஓடுபாதையைத்தான் பயன்படுத்துகின்றன.

இந்த இடங்களில் தரையில் இருக்கும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் படம் எடுக்கத் தடை உண்டு. 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலுக்குப் பிறகு, டிஜிசிஏ இன்னும் கடுமையாக ஓர் உத்தரவு போட்டது. இப்படிப்பட்ட தளங்களில் விமானம் 10,000 அடி உயரத்தைத் தாண்டும் வரை, இறங்கும்போது அந்த உயரத்துக்குக் கீழே வந்ததில் இருந்து, ஜன்னல் மறைப்புகளை மூடி வைக்க வேண்டும் என்றது. அவசர வழி ஜன்னல்களுக்கு மட்டும் விலக்கு. இத்தகைய உத்தரவுகள் சூழலுக்கு ஏற்ப மாறும். எனவே விமானத்தில் சொல்லப்படும் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்பதே சரி.

‘கூகுள் மேப்லயே ரன்வே தெரியுதே, நான் எடுத்தா என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. வரைபடத்தில் இருப்பது எப்போதோ எடுத்த செயற்கைக்கோள் படம். பயணி எடுத்துப் பதிவிடும் படத்தில் இன்றைக்கு, இந்த நேரத்தில், எந்த விமானம் எங்கே நிற்கிறது என்பது இருக்கிறது. வித்தியாசம் அதுதான்.

சாதாரண விமான நிலையங்களிலும் பாதுகாப்புச் சோதனை, குடியேற்றப் பிரிவு ஆகிய இடங்களில் கேமராவை எடுக்காமல் இருப்பதே நல்லது.

பேட்டரி எந்தப் பையில்?

கேமரா பேட்டரிகள் லித்தியம் அயனி வகை. தனியாக எடுத்துச் செல்லும் பேட்டரிகளும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்; செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் தானாகவே மேலும் மேலும் சூடாகும். கேபினில் என்றால் ஊழியர்கள் பார்த்து, தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். சரக்கு அறைக்குள் யாரும் போக முடியாது.

அளவுக்கும் கணக்கு உண்டு. 100 வாட்-மணி வரை பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு மட்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. வாட்-மணியைக் கண்டுபிடிப்பது சுலபம்: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். 7.2 வோல்ட், 2,000 எம்ஏஎச் கேமரா பேட்டரி வெறும் 14.4 வாட்-மணிதான். 3.7 வோல்ட், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-மணி. 27,000 எம்ஏஎச் என்றால் 99.9, கிட்டத்தட்ட எல்லையைத் தொட்டுவிடும்.

பவர் பேங்க்கை வைத்திருக்கலாம், ஆனால் பறக்கும்போது பயன்படுத்தக் கூடாது என்று பல நிறுவனங்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலில் இருந்தும், எமிரேட்ஸ் 2025 அக்டோபரில் இருந்தும் இதைத் தடை செய்தன.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விமானத்தில் மேல் அடுக்கு நிறைந்துவிட்டால், வாசலிலேயே கைப்பையை வாங்கிக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். சிறிய ஏடிஆர் விமானங்களில் இது அடிக்கடி நடக்கும். பையைக் கொடுப்பதற்கு முன் பேட்டரி, பவர் பேங்க், கேமரா மூன்றையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டியோ, தனித்தனி உறையில் போட்டோ வைத்தால் சாவி, சில்லறை பட்டு ஷார்ட் ஆகாது.

எக்ஸ்ரேயில் படம் அழியுமா?

டிஜிட்டல் கேமராவுக்கும் மெமரி கார்டுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் பிலிம் ரோல் கொண்டுபோகும் பழக்கம் இப்போது மீண்டும் வந்திருக்கிறது. அவர்கள்தான் கவனிக்க வேண்டும். செக்-இன் பெட்டிகளுக்கான ஸ்கேனரும், கைப்பைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் சிடி ஸ்கேனரும் பிலிமைப் பாதிக்கும். ரோல்களை ஒளி ஊடுருவும் பையில் தனியாக வைத்து, கையால் சோதிக்கும்படி பாதுகாப்பு ஊழியரிடம் பணிவாகக் கேட்கலாம். ஒப்புக்கொள்வது அவர் முடிவு.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொன்று. விலை உயர்ந்த கேமராவையும் லென்ஸையும் இங்கிருந்து கொண்டுபோனால், புறப்படும் முன் விமான நிலையச் சுங்கத்துறையில் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது ‘இது அங்கே வாங்கியதா?’ என்ற கேள்விக்கு அந்தக் காகிதமே பதில்.

எந்த ஜன்னல்?

முதல் விதி: இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசை. இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் இன்ஜினில் இருந்து வரும் சூடான காற்று, கானல் நீர் போலப் படத்தை அலையடிக்க வைக்கும். ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையில்லை. முன்பக்கம் சுழலும் விசிறி மறைக்கும் என்பதால் அங்கே பின் வரிசைகள் நல்லது. ஜன்னல் சீட் என்று பணம் கட்டி வாங்கியும் பக்கத்தில் வெறும் சுவர் இருக்கும் வரிசைகளும் சில விமானங்களில் உண்டு. சீட் வரைபடத்தை முன்பே பார்ப்பது நல்லது.

இரண்டாவது விதி: சூரியனுக்கு எதிர்ப்பக்கம். சென்னையில் இருந்து காலையில் டெல்லிக்குப் போனால் சூரியன் வலப்பக்கம் இருக்கும். எனவே இடப்பக்க ஜன்னல். மாலையில் இது அப்படியே மாறிவிடும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு லாபம், கீழே மேகம் இருந்தால் விமானத்தின் நிழலைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். இதற்கு குளோரி என்று பெயர்.

மூன்றாவது, பாதை. மதுரையில் இருந்து சென்னை வருபவர்களுக்குக் கடற்கரை வலப்பக்கம். சென்னையில் இருந்து கொழும்பு போகிறவர்கள், வானம் தெளிவாக இருந்தால், ராமர் பாலத்தின் மணல் திட்டுகளை வலப்பக்கத்தில் தேடலாம். 35,000 அடி உயரத்தில் அடிவானம் சுமார் 370 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

படம் ஏன் மங்கலாக வருகிறது?

விமான ஜன்னல் பெரும்பாலும் மூன்று அடுக்கு அக்ரிலிக். வெளி அடுக்குதான் காற்றழுத்தத்தைத் தாங்குகிறது. நடு அடுக்கின் கீழே தெரியும் குட்டி ஓட்டை அழுத்தத்தைச் சமன் செய்யவும், ஜன்னலில் ஈரம் படியாமல் இருக்கவும் வைக்கப்பட்டது. அதைச் சுற்றித்தான் பனித்துகள் படியும். அந்த இடத்தைத் தவிர்த்து எடுக்க வேண்டும்.

* லென்ஸை ஜன்னலுக்கு மிக அருகில் கொண்டுபோங்கள், ஆனால் ஒட்ட வைக்காதீர்கள். ஒட்டினால் அதிர்வு படத்தில் இறங்கும்.
* துப்பட்டாவோ கருப்புச் சட்டையோ கொண்டு சுற்றி மறைத்தால் கேபின் விளக்கின் பிரதிபலிப்பு போய்விடும். பிளாஷ் வேண்டவே வேண்டாம்.
* போலரைசர் பில்டரைக் கழற்றிவிடுங்கள். அக்ரிலிக்கோடு சேர்ந்தால் வானவில் கோடுகள் விழும்.
* ஷட்டர் வேகம் 1/500 நொடிக்கு மேல், அப்பர்ச்சர் எஃப்/4 முதல் 5.6 வரை. அப்பர்ச்சரை ரொம்பச் சுருக்கினால் ஜன்னலின் கீறல்களும் தெளிவாக விழும்.
* ஆட்டோபோகஸ் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தடுமாறினால், தூரத்து மேகத்தில் கையால் போகஸ் செய்யுங்கள்.
* மேகம் நிறைந்த காட்சியில் கேமரா ஏமாந்து, படத்தைச் சாம்பல் நிறமாக்கும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள்.

இரவில் நகர விளக்குகளை எடுக்க நல்ல நேரம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். அவசரம் என்றால் பயணிகளின் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காக அப்போது கேபின் விளக்குகளைக் குறைப்பார்கள். பிரதிபலிப்பும் குறையும்.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த கேமரா கட்டாயம் இல்லை. 2011 மே 16 அன்று, எண்டெவர் விண்கலம் தன் கடைசிப் பயணத்தில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலேறும் காட்சியை, நியூயார்க்கில் இருந்து புளோரிடா போய்க்கொண்டிருந்த ஒரு பயணி செல்போனில்தான் எடுத்தார். உலகம் முழுக்கப் பேசப்பட்ட படம் அது.

பக்கத்து சீட்டில் இருப்பவர்?

ஜன்னலுக்கு வெளியே எடுக்க அனுமதி இருக்கிறது என்பதற்காக, தூங்கும் சக பயணியையும் வேலை செய்யும் ஊழியர்களையும் எடுத்துப் பதிவிடலாம் என்று அர்த்தமில்லை. தகராறு வந்தால் ஊழியர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்பது மேலே சொன்ன நிபந்தனையிலேயே இருக்கிறது.

எந்த விமான நிலையம் என்று சந்தேகம் வந்தால், ஏறும்போதே ஊழியரிடம் “இங்க படம் எடுக்கலாமா மேடம்?” என்று கேட்டுவிடலாம். கூடாது என்றால், விமானம் நன்றாக மேலே போன பிறகு மறுபடியும் கேட்டுக்கொள்ளலாம். மேகம் அங்கேதான் இருக்கும்.