திருப்பூர் காற்றில் கந்தகம்: எங்கிருந்து வருகிறது?

சாயப்பட்டறைப் பகுதியில் பாய்லர் புகைபோக்கி கரும்புகை கக்கினால் எல்லோருடைய விரலும் அதை நோக்கித்தான் நீளும். ஆனால் கந்தக டை ஆக்சைடுக்கு நிறம் கிடையாது. கண்ணுக்குத் தெரிவது கரித்துகள். கந்தகம் எவ்வளவு என்பதை எரிபொருளிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு கிலோ கந்தகம் எரிந்தால் இரண்டு கிலோ கந்தக டை ஆக்சைடு வரும். இந்திய நிலக்கரியில் கந்தகம் சுமார் 0.5 சதவீதம், ஒரு டன் எரித்தால் 10 கிலோ வாயு. 3.5 சதவீதக் கந்தகமுள்ள பர்னஸ் ஆயில் என்றால் 70 கிலோ. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 டீசலில் ஒரு டன்னுக்கு அதிகபட்சம் 20 கிராம்தான். திருப்பூர் பாய்லர்களில் பெரும்பாலும் எரியும் விறகில் கந்தகம் மிகக் குறைவு. அதன் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். ஆனால் விறகை விட்டு நிலக்கரிக்கு மாறும் பாய்லர்தான் கந்தகக் கணக்கைத் தலைகீழாக்கும்.

எரிபொருள் தேவை கூடியதற்கு ஒரு பின்னணி உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை நொய்யல் ஆற்றில் விடாத முறைக்கு மாறித்தான் மீண்டும் இயங்கின. அந்த முறையில் கடைசியில் மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்க ஸ்டீம் வேண்டும். ஸ்டீமுக்கு எரிபொருள் வேண்டும். ஆற்றின் மேலிருந்து இறக்கிய சுமையில் ஒரு பங்கு காற்றின் மேல் ஏறியிருக்கிறது.

பட்டறைக்குள்ளும் ஓர் ஊற்று உண்டு. ஏறிய சாயத்தை உரிக்க உதவும் ஹைட்ரோஸ், ஈரம் பட்டால் சூடேறிச் சிதையும். அப்போது மூக்கைத் துளைக்கும் நெடியில் இருப்பது இதே வாயுதான். ஆஸ்துமா உள்ள தொழிலாளிக்கு மூச்சு இறுக்கிப் பிடிக்கச் சில நிமிடங்கள் போதும்.

இதை அளக்கும் விதம் சாயக்காரர்களுக்குப் புதிதல்ல. கண்ணாடிக் குழாயிலுள்ள கரைசல் வழியே காற்றை இழுத்து, பின்பு பாராரோசனிலின் என்ற சாயப்பொருளைச் சேர்ப்பார்கள். கந்தக டை ஆக்சைடு இருந்தால் ஊதாச் சிவப்பு தோன்றும்; ஷேட் அழுத்தமானால் அளவு அதிகம்.

அளவு தெரிந்தபின் ஆளைத் தேட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எண் ஏறினால், மேட்டூர் அனல்மின் நிலையத்தைக் காரணம் காட்ட முடியாது. வடகிழக்குக் காற்றில் ஏறினால், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள அந்த 1,440 மெகாவாட் நிலையத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் பட்டறைகள் ஓய்ந்திருக்கையில் எண் இறங்கினால், ஊற்று ஊருக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

இந்தியத் தரப்படி ஒரு கனமீட்டர் காற்றில் கந்தக டை ஆக்சைடின் ஆண்டுச் சராசரி 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் ஊர்ச் சராசரி சரியாக இருந்தாலும் பாய்லருக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை சுவாசிக்கும் காற்று சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பாய்லரிலும் என்ன எரிகிறது, எத்தனை டன், கந்தகம் எத்தனை சதவீதம் என்ற பதிவேடு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். நொய்யலுக்காகக் கழிவுநீரை லிட்டர் லிட்டராக அளக்கப் பழகிய ஊருக்கு இது முடியாத காரியமல்ல.