புறக்கடைக் கோழி: வரவும் இழப்பும்

ஐந்தாறு பெட்டைகளையும் ஒரு சேவலையும் பகலில் கொல்லைப்புறத்தில் மேயவிட்டு, இரவில் கூண்டிலோ பஞ்சாரத்திலோ அடைத்து வளர்ப்பதைக் கால்நடைத் துறையினர் புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பர். நாமக்கல் பண்ணைகளில் ஆண்டுக்கு 300 முட்டைக்குக் குறையாமல் இடும் வெள்ளைக் கோழியின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 60 அல்லது 70 முட்டையோடு நின்றுவிடும் நாட்டுக்கோழியால் என்ன பயன் என்று கேட்பது பொருந்தாத கணக்கு. பண்ணையில் செலவின் பெரும்பகுதியைத் தீவனமே விழுங்கிவிட, புறக்கடைக் கோழியோ சிந்திய தானியம், சோற்றுப் பருக்கை, புழு, கறையான் ஆகியவற்றைக் கிளறித் தின்று, காசு கொடுத்து வாங்காத இரையை முட்டையாகவும் கறியாகவும் மாற்றித் தருகிறது.

அந்த வருமானம் பெரும்பாலும் பெண்களின் கைக்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் இவ்வளர்ப்பின் தலையாய சிறப்பு. நிலமும் மாடும் ஆண்களின் பெயரில் இருக்கும் வீடுகளிலும் கோழி விற்ற பணம் பெண்களின் சிறுவாடாக, அதாவது வீட்டுச் செலவில் கலக்காத தனிச் சேமிப்பாக, நிற்கிறது. கோழி வாங்க வசதியில்லாதவர் அடுத்த வீட்டுப் பெட்டையை வாரத்துக்குப் பெற்று வளர்த்து, பொரித்த குஞ்சுகளில் உரிய பங்கைத் தாம் வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

ஓர் ஈற்றில் 12 முதல் 15 முட்டைகள் இட்டபின் பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டை விட்டு அகல மறுக்கும்; இதுவே அடைக்கோழி. அதன் அடியில் 10 அல்லது 12 முட்டைகளை வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். ஏழாம் நாளில் முட்டையை இருட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், உள்ளே சிவந்த நரம்புகள் ஓடாமல் தெளிந்து தெரிவது கருவற்ற கூமுட்டை என்று பிரித்துவிடலாம். அடைகாக்கும்போதும் குஞ்சுகளோடு திரியும் வாரங்களிலும் பெட்டை முட்டையிடுவதில்லை. முட்டைக்காக மட்டும் வளர்ப்போருக்கு இது குறையே ஆயினும், பொரிப்பான் எந்திரமும் மின்சாரமும் இல்லாமல் கோழியினம் பெருகுவது இதனால்தான்.

இழப்பு குஞ்சுப் பருவத்தில் தொடங்குகிறது. பருந்தும் காகமும் பகலில் தூக்க, கீரியும் பூனையும் சந்து பொந்துகளில் பதுங்கிக் காத்திருக்க, பல வீடுகளில் பொரித்ததில் பாதி தேறுவதே அரிதாகிறது. முதல் சில வாரங்கள் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, சாணமும் கிழிந்த சாக்கும் ஓலைத்துண்டும் அடைத்த பானையை ஈரமண்ணில் கவிழ்த்துத் திரட்டிய கறையானை அங்கேயே இரையாகக் கொடுத்தால் இவ்விழப்பு பெரிதும் குறையும்.

ஆனால் ஒரு வாரத்தில் கொல்லையையே வெறுமையாக்குவது, கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்று குறிப்பிடும் வெள்ளைக்கழிச்சல். வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, மூச்சிரைத்து, கழுத்து முறுக்கிக்கொள்ளும் நிலைக்கு வந்த கோழிக்கு மருந்து இல்லை. தடுப்பூசி உண்டு, ஆயினும் குளிரில் காத்து, கரைத்த ஓரிரு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டிய அம்மருந்து நூறோ அதற்கு மேலோ கோழிகளுக்குப் போதுமான அளவில் ஒரே குப்பியாக வருவதால், ஆறு கோழி வைத்திருப்பவர் அதைத் தனியாக வாங்கிப் பயனில்லை. வளர்ப்பவரின் சோம்பல் என்று பலரும் குறைகூறும் இவ்விழப்புக்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் இந்தக் குப்பியின் அளவே.

எச்ச நாற்றம், கிளறிப்போட்ட நாற்றங்கால், விடியற்காலைக் கூவல் ஆகியவற்றால் அண்டை வீட்டாரோடு எழும் சச்சரவு நகரங்களில் கூடுதல். எச்சத்தில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால், கோழியையும் கூண்டையும் தொட்ட குழந்தைகள் சோப்பிட்டுக் கைகழுவுவதும் இன்றியமையாதது.

கோடைக்கு முன்னதாகப் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர்தோறும் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம்களை இலவசமாக நடத்துகிறது. முகாமுக்கு முந்தைய இரவே தெருவிலுள்ள கோழிகளை எல்லாம் மேயவிடாமல் அடைத்து வைத்து, ஒரு வீடும் விடுபடாமல் காலையில் எடுத்துச் செல்லுங்கள். ஊசி போடாத ஒரு கொல்லையிலிருந்து அடுத்த தெரு வரை நோய் பரவும்.