மன இறுக்கமும் இருதயமும்: எல்லைக் கிராமங்களில் ஆயுர்வேதத்தின் பணி

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழகத்துக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிர்வாக எல்லை ஒருநாளில் மாறியது. மக்களின் பேச்சும் வைத்தியமும் அவ்வாறு பிரியவில்லை. இன்றும் இப்பகுதியில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கின்றன. மேற்கே ஆயுர்வேத வைத்தியரின் மர்ம சிகிச்சையும், கிழக்கே சித்த மரபைச் சேர்ந்த வர்ம ஆசானின் சிகிச்சையும் அடுத்தடுத்த ஊர்களில் நடைபெறுகின்றன.

இக்கிராமங்களில் கவலைக்குக் காரணங்கள் பல. பாலராமபுரத்துக் கைத்தறி நெசவாளரின் கூலி விசைத்தறியின் போட்டிக்கு உட்பட்டது. சிறு ரப்பர் விவசாயியின் வருவாய் உலகச் சந்தை விலையோடு ஏறி இறங்குகிறது. வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்தை நம்பியுள்ள வீடுகளில், அங்கே வேலை போனால் இங்கே கடன் நிற்கும். கடற்கரைக் கிராமங்களின் நிலை இன்னும் கடினமானது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலின்போது, பொழியூர் முதல் தமிழகத்தின் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை வரையிலான கரையோரத்தில், கடலுக்குச் சென்றவர்களின் செய்திக்காகக் குடும்பங்கள் நாட்கணக்கில் காத்திருந்தன. சிலர் திரும்பவே இல்லை. இத்தகைய துயரம் உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை, உடலையும் தாக்குகிறது என்பதை மருத்துவ விஞ்ஞானம் இன்று ஐயத்துக்கு இடமின்றி ஏற்றுக்கொண்டுள்ளது.

உடலில் நிகழ்வது

அபாயத்தை உணர்ந்தவுடன் மூளை, பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினையும், சற்றுப் பின்னர் கார்ட்டிசோலையும் இரத்தத்தில் கலக்கின்றன. நாடித் துடிப்பு விரைகிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. இரத்தத் தட்டுகள் எளிதில் ஒன்றோடொன்று ஒட்டும் இயல்பைப் பெறுகின்றன. பாம்பைக் கண்டு ஓடுபவனுக்கு இவை உயிர்காக்கும் ஏற்பாடுகள். ஆனால், வட்டிக் கணக்கை எண்ணி இரவெல்லாம் விழித்திருப்பவனுக்கும் இதே மாற்றங்கள் மாதக்கணக்கில் தொடரும்போது, இரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது, சர்க்கரை ஏறுகிறது, உறக்கம் குறைகிறது. அமைதி தேடிப் புகையையும் மதுவையும் நாடுவது தீங்கைப் பன்மடங்காக்குகிறது.

52 நாடுகளில் ஏறத்தாழ 15,000 மாரடைப்பு நோயாளிகளை, அதே அளவிலான நோயற்றவர்களோடு ஒப்பிட்ட 'இன்டர்ஹார்ட்' என்னும் ஆய்வு 2004-ல் வெளியாயிற்று. கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்த சலீம் யூசுப் அதற்குத் தலைமை தாங்கினார். புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுடன் மன இறுக்கமும் சமூகச் சூழலும் மாரடைப்பின் முக்கியக் காரணிகளுள் ஒன்றாக அதில் இடம்பெற்றன. தெற்காசியரைப் பற்றி 2007-ல் தனியே வெளியான பகுப்பாய்வு, மற்ற நாட்டவரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே, சராசரியாக 53 வயதில், இவர்களுக்கு முதல் மாரடைப்பு வருவதைக் காட்டியது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பருவம் அது. எனவே இதைச் சுகாதாரத் துறையின் பிரச்சினையாக மட்டும் கருதுவது பொருந்தாது. குடும்பப் பொருளாதாரமும் இதில் அடங்கியுள்ளது.

திடீர்த் துயரமே இருதயத் தசையைச் சில நாட்களுக்குச் செயலிழக்கச் செய்வதும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் விவரித்த இந்நோயில் இருதயத்தின் இடது கீழறை, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போல் உப்பிவிடுகிறது. அப்பானையின் பெயரான 'டாகோட்சுபோ' என்பதே நோய்க்கும் பெயராயிற்று. நடுவயதைக் கடந்த பெண்களிடம் இது மிகுதி. பெரும்பாலோர் குணமடைகின்றனர், ஆயினும் அறிகுறிகள் மாரடைப்பைப் போன்றவையே.

'வாயு' என்ற சொல்

நெஞ்சில் வலி கண்டவுடன் 'வாயுத் தொல்லை' என்று கூறி, ஓமத்தண்ணீரோ அரிஷ்டமோ அருந்திப் படுத்துக்கொள்வது எல்லையின் இருபுறமும் காணப்படும் வழக்கம். ஆயுர்வேதமே அவ்வாறு சொல்வதாகவும் பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. கேரள வைத்தியர்கள் பெரிதும் போற்றும் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், ஐவகை வாயுக்களுள் வியானன் என்பதற்கு இருதயத்தையே இருப்பிடமாகக் கூறுகிறது. உடலெங்கும் இயக்கத்தைச் செலுத்தும் ஆற்றலே அங்கு வாயு எனப்படுகிறது. வயிற்றில் சேரும் காற்று அன்று. சரகர் இருதயத்தை மூன்று தலையாய மர்மங்களுள் ஒன்றாக வைத்தார். இருதயத்தையும் ஓஜஸையும் காக்க விரும்புவோர் மனத்துயரின் காரணங்களை முக்கியமாக விலக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். மனத்தைத் தீய பொருள்களினின்று மீட்கும் 'சத்வாவஜயம்' அவர் வகுத்த மூவகைச் சிகிச்சைகளுள் ஒன்று. இந்நூல்களை நம்புகிறவர் நெஞ்சு வலியை அலட்சியம் செய்ய அவற்றில் ஆதாரம் காண இயலாது.

மூலிகையும் மருந்தே

மனத்தையும் இருதயத்தையும் ஒருசேரத் தொடும் மூலிகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சர்ப்பகந்தி; மலையாளத்தில் அமல்பொரி. இதன் வேரைக் கொண்டு உயர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கலாம் என்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். நரம்பு முனைகளில் சேமிக்கப்பட்டுள்ள நார் அட்ரீனலினை இது குறைப்பதால் அழுத்தமும் படபடப்பும் தணிகின்றன. ஆனால் மிகுந்த அளவில் உட்கொண்டவர்களிடம் மனச்சோர்வு காணப்பட்டதாகவும் மருத்துவ ஏடுகள் பதிவு செய்தன. பயன் தரும் பொருளுக்குத் தீங்கு செய்யும் ஆற்றலும் உண்டு என்பதை ஏற்காமல், 'பச்சிலைதானே' என்று அளவின்றி அருந்துவது அறிவுடைமை ஆகாது.

இன்று வைத்தியர்கள் கவலைக்கு மிகுதியாகத் தருவது அமுக்கரா என்னும் அசுவகந்தி. கார்ட்டிசோல் அளவையும் பதற்றத்தையும் இது குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சில கூறுகின்றன. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. மருதம்பட்டைக் கஷாயம் இருதய நோய்க்குத் துணை மருந்தாக ஆராயப்பட்டு வருகிறது. நெற்றியில் எண்ணெய் ஒழுக்கும் சிரோதாரையும், மோர் ஒழுக்கும் தக்ரதாரையும் கேரளத்துக்கே உரிய சிறப்புடன் செய்யப்படுகின்றன. அவற்றால் உறக்கமும் அமைதியும் கிட்டுவதைப் பலர் உணர்கின்றனர். அது எண்ணெயின் குணமா, அரைமணி நேரம் எவரும் தொந்தரவு செய்யாமல் படுத்திருந்ததன் பயனா என்பது இன்னும் தெளிவாகப் பிரித்தறியப்படவில்லை. நோயாளிக்கு இரண்டும் ஒன்றே.

நெய்யாறு உற்பத்தியாகும் அகத்தியமலையின் காணிப் பழங்குடியினர், களைப்பின்றி மலையேற ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காயை மென்று வந்தனர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதனை ஆராய்ந்து, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றுடன் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-ல் அதன் உற்பத்தி உரிமை கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டபோது, உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. பழங்குடியினரின் அறிவுக்கு விலை வைத்த முன்னோடி ஏற்பாடு என்று உலக அளவில் இது பேசப்பட்டது. சோர்வைப் போக்கும் மருந்து என்ற அளவில்தான் இதைக் கருத வேண்டும். இருதய மருந்து அன்று.

மாரடைப்புக்குப் பின் யோகப் பயிற்சி பெறுவோரைப் பற்றி இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் சுமார் 4,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2020-ல் வெளிவந்தது. மறு மாரடைப்பையும் மரணத்தையும் யோகம் குறைத்ததாக உறுதியாக நிரூபணமாகவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்களின் உடல்நல உணர்வு மேம்பட்டது, அவர்கள் முன்னைய அலுவல்களுக்குத் திரும்புவதும் கூடிற்று. ஆயுர்வேதத்திடமும் இதே வகையான நன்மையை எதிர்பார்ப்பது பொருத்தம்: இருதய மருந்துக்கு மாற்றாக அன்று, அம்மருந்தோடு வாழும் மனிதனுக்குத் துணையாக.

யார் முதலில்?

கவலையால் எழும் படபடப்பையும் மாரடைப்பையும் நோயாளியோ, அவரது நாடியைப் பார்க்கும் வைத்தியரோ உறுதியாக வேறுபடுத்த இயலாது. இ.சி.ஜி. படமும் இரத்தப் பரிசோதனையுமே அதனைச் செய்யும். நீரிழிவுள்ளோருக்கும் பெண்களுக்கும் கடும் வலியின்றி வியர்வை, மூச்சிரைப்பு, மேல்வயிற்றுச் சங்கடம் ஆகியவை மட்டும் தோன்றலாம். அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்கும் சிகிச்சை முதல் ஓரிரு மணி நேரத்தில் மிகுந்த பலன் தரும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் தசை அழிகிறது. பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியும் எதிரெதிர்த் திசைகளில் முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளன. எந்தப் பக்கம் போவது என்று வீட்டார் விவாதிக்கும் நேரமும் நோயாளியின் கணக்கில்தான் கழிகிறது. 108 என்னும் அவசர ஊர்தி எண் இரு மாநிலங்களுக்கும் பொதுவானது.

எனவே ஊராட்சியின் ஆயுர்வேத மருந்தகம் தன் பணியை வரையறுத்துக்கொள்வது அவசியம். நெஞ்சு வலியுடன் வருபவரைக் கஷாயம் கொடுத்து உட்காரவைக்காமல் உடனே அனுப்புவது முதல் கடமை. ஆபத்து இல்லை என்று மருத்துவமனை திருப்பியனுப்பிய பின்னரும் உறக்கமின்றி, படபடப்புடன் தவிப்பவரை ஏற்றுக்கொள்வது அடுத்தது. அவருக்கு அங்கே கிடைக்கும் நேரமும் செவிசாய்ப்பும் நெரிசலான புறநோயாளிப் பிரிவில் கிடைப்பது அரிது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லாதிருப்பதும், வெல்லம் சேர்த்துப் புளிக்கவைக்கும் அரிஷ்டங்களை நீரிழிவுள்ளோருக்குத் தவிர்ப்பதும், அதிமதுரம் நெடுநாள் உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதை நினைவில் வைப்பதும் அங்குள்ள மருத்துவரின் பொறுப்பு. 2017-ல் தொடங்கிய கேரளத்தின் 'ஆர்த்ரம்' இயக்கம், குடும்ப நல மையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய 'ஆசுவாசம்' என்னும் பிரிவை ஏற்படுத்தியது. தமிழகத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறது. ஆயுர்வேத மருந்தகத்தின் நோயாளி ஏட்டில், அவர் இவற்றுள் எதில் பதிவு பெற்றுள்ளார், என்னென்ன மாத்திரை உட்கொள்கிறார் என்ற இரு விவரங்களைச் சேர்ப்பதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. மாரடைப்பின் அறிகுறிகளையும் 108 என்ற எண்ணையும் எல்லைக் கிராம மருந்தகங்களில் மலையாளத்துடன் தமிழிலும் எழுதி வைக்க ஒரு பலகையும் சிறிது வண்ணமும் போதும்.