கருத்தடை கருவைத் தடுக்கும், வைரஸை?

“மாத்திரை சாப்பிட்டா கர்ப்பப்பை வாயில கேன்சர் வருமா டாக்டர்?” மகப்பேறு மருத்துவர்களிடம் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி இது. வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. இரு ஹார்மோன்கள் கலந்த கருத்தடை மாத்திரையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே சேர்த்திருக்கிறது. ஆனால் ஆபத்து உண்டா என்பதைத்தான் அந்தப் பட்டியல் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது.

அதைச் சொன்னது 2007-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு. கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த 16,573 பெண்களையும் வராத 35,509 பெண்களையும் அதில் ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டுகளுக்கு மேல் மாத்திரை சாப்பிட்டு வருபவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. நிறுத்திவிட்டால் அது படிப்படியாகக் குறைந்து, பத்தாண்டுகளில் மாத்திரையைத் தொடாதவர்களின் அளவுக்கே வந்துவிடுகிறது. இரு மடங்கு என்றதும் நெஞ்சு பதறும். ஆனால் வளரும் நாடுகளில் 20 வயது முதல் 30 வயது வரை மாத்திரை சாப்பிட்ட ஆயிரம் பெண்களை எடுத்துக்கொண்டால், 50 வயதுக்குள் இந்த நோய் வருபவர்கள் 7.3 பேரிலிருந்து 8.3 பேராக உயர்வார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் கணக்கு. ஆயிரத்துக்கு ஒருவர் கூடுதல். அதே மாத்திரை சினைப்பைப் புற்றுநோயைக் குறைக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடங்கிவைப்பது ஹெச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இதைக் கண்டறிந்த ஹெரால்டு சூர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகளில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே பத்தில் ஏழு கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். உடலுறவு வழியாகப் பரவும் இந்தத் தொற்று மிகச் சாதாரணமானது. ஒழுக்கத்தோடு அதை முடிச்சுப் போடுவது அநியாயம். பெரும்பாலான தொற்றுகளை உடலே இரண்டு ஆண்டுகளுக்குள் விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதுதான் வினை. மாத்திரையிலுள்ள ஹார்மோன்கள், அப்படித் தங்கிய வைரஸின் மரபணுக்களைத் தூண்டிவிடக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆணுறை? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006-ல் வெளியானது. ஒவ்வொரு முறையும் ஆணுறை அணிந்த துணையுடன் இருந்த பெண்களுக்குத் தொற்று 70 சதவீதம் குறைவு. முழுப் பாதுகாப்பு இல்லை. ஏனென்றால் இந்த வைரஸ் தோலோடு தோல் உரசினாலே பரவும், ஆணுறையோ எல்லா இடத்தையும் மூடுவதில்லை. ஆனாலும் கருத்தடை முறைகளில் வைரஸை வழிமறிப்பதாக உறுதியாகச் சொல்லத்தக்கது இது ஒன்றே.

காப்பர்-டி விஷயத்தில் ஒரு வியப்பு காத்திருந்தது. 2011-ல் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கருப்பைக்குள் சாதனம் பொருத்திக்கொண்ட பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் ஹெச்.பி.வி. தொற்றில் வேறுபாடு தெரியவில்லை. புற்றுநோய் மட்டும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. சாதனம் உள்ளே இருப்பதால் அந்த இடத்தில் எழும் நோயெதிர்ப்பு, தங்கிய வைரஸை அகற்ற உதவியிருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். இதை நம்பி யாரும் காப்பர்-டி பொருத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஏற்கெனவே பொருத்தியவர்கள் பயப்படவும் வேண்டாம்.

நம் ஊரில் பெரும்பாலான பெண்களுக்கு இந்தத் தேர்வெல்லாம் வாய்ப்பதேயில்லை என்பதுதான் என் கவலை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆணுறையை நம்பியிருப்பவர்கள் 9.5 சதவீதம். தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் பாதிக்கும் மேல். ரெண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷனும் முடிந்துவிட்டால், ஆஸ்பத்திரிப் பக்கம் போக அவர்களுக்கு வேறு காரணம் இருக்காது. ஆணுறைக்கும் வீட்டில் வேலையில்லை. கருக்குழாயை அடைத்தாலும் கருப்பைவாய் அப்படியேதான் இருக்கிறது. வைரஸுக்கு அது போதும்.

இவர்களைக் காப்பாற்றும் வழி திண்டுக்கல் மாவட்டத்திலேயே நிரூபிக்கப்பட்டது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களின் கருப்பைவாயில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். கோளாறு உள்ள இடம் வெளுத்துத் தெரியும். உடனே சிகிச்சை தரலாம். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் அறிவித்தார்கள். மகள்களுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி வந்துவிட்டது. அம்மாக்களுக்கு இந்தப் பரிசோதனைதான் துணை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற சீட்டிலேயே, முப்பது வயதானதும் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வர வேண்டிய மாதத்தையும் ஆண்டையும் எழுதிக் கொடுத்தால் என்ன?