நாற்கூற்று மருந்து: மதிப்பெண் குறைந்த மாணவர்க்கு மருத்துவத் துறையில் உள்ள வழிகள்

முன்னுரை

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் கல்லூரித் துறையறைக்கு வரும் பெற்றோரின் முகத்தைக் கண்டாலே அவர்தம் மக்களின் மதிப்பெண் நிலை விளங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் விலங்கியல் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் தம் தந்தையுடன் என்னைக் காண வந்தார். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் பயின்றவர். பன்னிரண்டாம் வகுப்பில் அறுபது விழுக்காடு பெற்றவர். நீட் தேர்வை இருமுறை எழுதியும் தகுதி மதிப்பெண்ணை எட்டாதவர். பட்டப்படிப்பிலோ நிலுவைத் தாள்களை ஒருவாறு முடித்து, ஐம்பது விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே நின்றவர்.

“சார், இவனை டாக்டராகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உம்மாவின் ஆசை. வெளிநாட்டில் இடம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். இருக்கிற வயலை விற்றுவிடலாம் என்று நினைக்கிறேன்” என்றார் தந்தை. மகன் தலை நிமிரவில்லை.

தமிழ் விரிவுரையாளனாகிய எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அன்று தொடங்கி விதிமுறைகளைப் படித்தும் துறையறிந்தோரை வினவியும் நான் அறிந்தவற்றை, அதே நிலையில் நிற்கும் பிற மாணவர்க்கும் பயன்படுமென்னும் எண்ணத்தால் இங்குத் தொகுத்துரைக்கிறேன்.

வள்ளுவர் காட்டும் நால்வர்

திருக்குறளில் ‘மருந்து’ 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அதனை முறையாகச் செலுத்துபவன் என்பன அவை. இவற்றுள் மருத்துவன் ஒரு கூறே ஆவான். அருகிருப்பவனும் அவனோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படுகிறான். நால்வருள் ஒருவர் குறையினும் மருத்துவம் நிறைவுறாது என்பது இதனால் பெறப்படும்.

நம் வீடுகளிலோ மருத்துவத் துறை என்றதும் மருத்துவர் ஒருவரே நினைவுக்கு வருகிறார். அவ்விடம் கிட்டாதெனில் துறையே கிட்டாதென்று எண்ணி மனம் சோர்கிறோம். மாணவரின் மதிப்பெண் குறைவு ஒரு பங்கு இடரென்றால், இந்தப் பார்வைக் குறைவு மூன்று பங்கு இடராகிறது.

இஸ்லாமிய வரலாறு கூறுவது

இசுலாமிய வரலாறும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், கி.பி. 627இல் நிகழ்ந்த அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பேணும் பொறுப்பு ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய கூடாரம் மதீனாப் பள்ளிவாசலின் எல்லைக்குள்ளேயே அமைந்திருந்தது. செவிலியப் பணிக்கு இதனினும் உயர்ந்த இடம் வேறு யாது?

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் மருந்தாளுநர் தொழில் மருத்துவரின் தொழிலினின்று பிரிந்து தனித்தொழிலாக வளர்ந்தது. பேரறிஞர் அல்பிரூனி தம் முதுமைக் காலத்தில் மருந்துப் பொருள்களைப் பற்றியே ‘கிதாபுஸ் ஸைதனா’ என்னும் பெருநூலை இயற்றினார். 1284, 1285ஆம் ஆண்டுகளில் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பிரிவுகளும், அவ்வப் பிரிவுக்குரிய ஆண், பெண் பணியாளரும் இருந்தனர்.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. வேலூரில் அம்மையார் ஐடா ஸ்கடர் 1903இல் முதலில் பயிற்றுவித்தது கம்பவுண்டர்களையே. 1909இல் செவிலியர் பள்ளி எழுந்தது. மருத்துவப் பள்ளி அதன் பின்னர் 1918இலேயே தோன்றியது. மருந்து கொடுப்போரும் அருகிருப்போரும் இன்றி மருத்துவர் மட்டும் பயனளியார் என்பதை அவர் பட்டறிவால் உணர்ந்திருந்தார்.

மூவகை வாயில்கள்

இனி, நடைமுறைக்கு வருவோம். பட்டப்படிப்பில் மதிப்பெண் குறைந்த மாணவர் முதலில் அறிய வேண்டுவது, எந்த வாயில் எந்த மதிப்பெண்ணைக் கேட்கிறது என்பதாகும். இவ்வாயில்களை மூவகைப்படுத்தலாம்.

முதல் வகை, நுழைவுத் தேர்வு வாயில். எம்.பி.பி.எஸ். படிப்பிற்கும், சித்தம், யுனானி, ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகிய பட்டப்படிப்புகளுக்கும் நீட் தேர்வே வழி. எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களைப் பயின்று தேறியிருத்தல் வேண்டும். இளங்கலைப் பட்ட மதிப்பெண்ணை இங்கு எவரும் கேட்பதில்லை. உச்ச வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பட்டம் பெற்ற பின்னும் ஒருவர் நீட் எழுதலாம். ஆயினும் இருமுறை எழுதித் தகுதியெல்லையையே எட்டாதவர், மூன்றாம் முறை எழுதுமுன் எப்பாடத்தில், எதனால் பின்தங்கினோம் என்பதைத் தாளில் எழுதிப் பார்த்தல் நலம். காரணம் மாறாமல் முயற்சி மட்டும் தொடர்ந்தால் ஆண்டுகளே கழியும்.

இரண்டாம் வகை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் வாயில். பலரும் அறியாதது இதுவே. நான்காண்டு செவிலியப் பட்டப்படிப்பிற்கு அறிவியல் பாடங்களிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து 45 விழுக்காடு என்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் பொதுவிதி. மூன்றாண்டு செவிலியப் பட்டயத்திற்கு 40 விழுக்காடு போதும். பட்டயம் முடித்தவர் மேலும் இரண்டாண்டு பயின்று பட்டம் பெறவும் வழியுண்டு. நான்காண்டு பி.பார்ம். படிப்பிற்கும் இரண்டாண்டு டி.பார்ம். படிப்பிற்கும் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் கணிதம் அல்லது உயிரியல் பயின்று பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருத்தல் வேண்டும். டி.பார்ம். முடித்தவர் பி.பார்ம். இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம்.

ஆய்வக நுட்பம், கதிர்ப்படம், டயாலிசிஸ், அறுவைக்கூட நுட்பம், கண் ஒளியளவையியல் முதலியனவும் இவ்வகையைச் சார்ந்தவை. 2021ஆம் ஆண்டின் தேசியத் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டம் இத்தொழில்களைப் பத்துப் பிரிவுகளாக வகுத்துச் சட்ட ஏற்பு அளித்துள்ளது. துணைநிலைத் தொழிலர்க்குக் குறைந்தது 2,000 மணிநேரமும், நலவாழ்வுத் தொழிலர்க்குக் குறைந்தது 3,600 மணிநேரமும் கொண்ட படிப்பு தேவையென அச்சட்டம் வரையறுக்கிறது. இச்சட்டத்தின் வழியே இவற்றுள் சிலவற்றின் சேர்க்கை விதிகள் மாறிவருவதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பித்தல் வேண்டும்.

மூன்றாம் வகை, பட்ட மதிப்பெண் வாயில். பொதுச் சுகாதாரம், மருத்துவமனை நிருவாகம், மருத்துவ இயற்பியல் முதலிய முதுநிலைப் படிப்புகள் இவ்வகையின. ஐம்பது அல்லது ஐம்பத்தைந்து விழுக்காடு கேட்பது பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் வழக்கம். குறைந்த மதிப்பெண் உண்மையில் தடையாவது இங்குதான். இங்கும் ஒரு சிறுகதவு திறந்துள்ளது. சமூகப் பணியில் முதுகலை பயில இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏதேனும் ஒரு பட்டத்தையே தகுதியாகக் கொள்கிறது. நோயாளியின் குடும்பத்திற்கு ஆறுதலும் வழிகாட்டலும் அளிக்கும் மருத்துவமனைச் சமூகப் பணிக்கு அது ஒரு படிக்கட்டாகும்.

பட்டம் பெற்ற ஒருவர் மீண்டும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இரண்டாண்டுப் பட்டயத்தில் சேர்வதா என்று நாணுவோர் உளர். மூன்றாண்டு விலங்கியலோ வேதியியலோ பயின்றவர்க்கு உடலியலும் மருந்தியலும் பிறரினும் எளிதாக விளங்கும். கற்றது எதுவும் வீண்போவதில்லை.

மதிப்பெண் ஏன் குறைந்தது?

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒன்றை ஒளிவின்றிக் கூற வேண்டும். மதிப்பெண் குறைவதற்கு வறுமை, பகுதிநேர வேலை, ஆங்கிலவழிப் பாடம் விளங்காமை எனப் பல காரணங்கள் உண்டு. இவை உங்கள் தகுதியைக் குறைப்பன அல்ல. ஆனால் கவனக்குறைவே காரணமாயின், அதனை உடன்கொண்டு மருத்துவமனைக்குள் நுழையாதீர்கள். தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் மருந்தின் அளவு பத்து மடங்காகிவிடும். தேர்வுத்தாளில் அப்பிழைக்கு ஒரு மதிப்பெண் போகும். மருத்துவமனையில் ஓர் உயிர் போகும்.

உங்கள் இயல்பையும் ஆராய்ந்து பாருங்கள். இரவுப்பணியைத் தாங்குவோர்க்குச் செவிலியம் பொருந்தும். கணக்கிலும் ஒழுங்கிலும் நாட்டமுடையோர்க்கு மருந்தகமும் ஆய்வகமும் ஏற்றவை. மனிதரோடு பேசிப் பழகுவதில் விருப்பமுடையோர் இயன்முறை மருத்துவத்திலும் சமூகப் பணியிலும் சிறப்பர்.

மூடிய ஒரு கதவால் வாழ்வு முடிவதில்லை என்பதற்கு மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி ஒரு சான்று. மகப்பேறு மருத்துவராக விழைந்த அவருடைய விரல்களைக் கடும் மூட்டழற்சி நோய் முடக்கியது. அவர் கண் மருத்துவத்திற்குத் திரும்பினார். 1976இல், தம் 58ஆம் வயதில், பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கண் பரிசோதனையிலும் அறுவைக்கூட உதவியிலும் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள், பள்ளிப்படிப்பை முடித்து இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற சிற்றூர்ப் பெண்களே. மருத்துவர் அறுவையில் மட்டுமே கருத்துச் செலுத்த முடிவதும், அதனால் ஆயிரமாயிரம் ஏழைகள் பார்வை பெறுவதும் அவர்களால்தான்.

ஏமாறாதிருக்க

நான் கண்ட தந்தையிடம் இடைத்தரகர் ஒரு செய்தியை மறைத்திருந்தார். வெளிநாட்டில் மருத்துவம் பயின்று இந்தியாவில் தொழில்புரிய விரும்புவோர்க்கும் 2018 முதல் நீட் தகுதி கட்டாயமாகும். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, இங்கே தகுதித் தேர்வு, மேலும் 12 மாதப் பயிற்சி ஆகிய அனைத்தும் வேண்டும். நீட் தகுதி பெறாத மகனுக்காக வயலை விற்றிருந்தால் வயலும் போயிருக்கும்; ஆறாண்டும் போயிருக்கும்.

உள்நாட்டிலும் ஏற்பில்லாத பட்டயங்களை விற்போர் உளர். எப்படிப்பில் சேருமுன்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதனை முடித்தால் எக்குழுமத்தில் பதிவு செய்யலாம்? பயிற்சி பெறும் மருத்துவமனை எது? சான்றிதழ் வழங்கும் பல்கலைக்கழகமோ வாரியமோ எது? செவிலியர்க்குச் செவிலியர் குழுமமும், மருந்தாளுநர்க்கு மருந்தியல் குழுமமும், செவித்திறன், பேச்சுப் பயிற்சியாளர்க்கு இந்திய மறுவாழ்வுக் குழுமமும் உள்ளன. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, பதிவு பெறாதவர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலந்து வழங்குதல் குற்றமாகும். மூன்று வினாக்களுள் ஒன்றுக்கேனும் தெளிவான விடை கிட்டாவிடில் அந்நிறுவனத்தின் படியிறங்கிவிடுவதே அறிவுடைமை.

சமுதாயப் பெரியோர்க்கு

பெரியோர்களிடம் பணிவுடன் ஒரு விண்ணப்பம். நம் வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கினால் பெண் செவிலியர் இருக்கும் மருத்துவமனையைத் தேடி ஓடுகிறோம். நம் வீட்டுப் பெண் செவிலியராக விரும்பினாலோ, இரவுப்பணி என்றும், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்றும் தயங்குகிறோம். எல்லாரும் தயங்கினால் நம் மகளிரின் அருகிருக்கப் போகிறவர் யார்? இரவுப்பணியின் பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானது. விடுதி, போக்குவரத்து ஆகியவற்றை நேரில் சென்று விசாரித்து அக்கவலையைத் தீர்த்துக்கொள்ளலாம். ஊரார் சொல்லுக்கு அஞ்சும் தயக்கத்தை நாம்தான் விட வேண்டும்.

தமிழகத்தில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. அதனைப் பயன்படுத்துதற்குரிய சாதிச் சான்றிதழை உரிய காலத்தில் பெறாமல் வாய்ப்பை இழப்போரும் உளர். ஒவ்வொரு ஜமாஅத்தும் தேர்வு முடிவுக்கு முன்னரே, விண்ணப்ப நாள்களையும் தேவையான சான்றுகளையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் அதுவே பெருந்தொண்டாகும். மருத்துவக் கல்லூரி மாணவர்க்கு மட்டுமன்றிச் செவிலியப் பட்டயமும் மருந்தியல் பட்டயமும் பயில்வோர்க்கும் உதவித்தொகையைப் பங்கிட்டளிக்க வேண்டும்.

முடிவுரை

அம்மாணவர் டி.பார்ம். படிப்பில் சேர்ந்தார். இரண்டாண்டு பயின்று, 500 மணிநேர மருத்துவமனைப் பயிற்சியை முடித்து, மருந்தாளுநராகப் பதிவு பெற்றார். இன்று ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றுகிறார். வயல் விற்கப்படவில்லை. மகன் என்ன படிக்கிறான் என்று உறவினர் கேட்டபோது உள்ளபடி சொல்வதற்குத் தந்தைக்கு ஓராண்டு ஆயிற்று. பாட்டியார் மட்டும் முதல்நாளே மகிழ்ந்தாராம். தம் சர்க்கரை நோய் மருந்தை எப்பொழுது, எவ்வளவு உண்பது என்று பொறுமையாக எடுத்துச்சொல்ல வீட்டிலேயே ஒருவன் வந்துவிட்டான் என்பது அவர் மகிழ்ச்சி.

வள்ளுவர் எண்ணிய நால்வருள் நம் இடம் எது என்று தேர்ந்து, அவ்விடத்தில் செம்மையாக நிற்பதே கல்வியின் பயன். அத்தகைய தெளிவை நம் மாணவர் அனைவர்க்கும் வல்ல இறைவன் அருள்வானாக.